பேண்டேஜ் சுற்றிய பேனா

இப்போது நான் வேலை செய்கிற ஆஸ்பத்திரியில் பேனாவே தேவைப்படுவதில்லை. சாயங்காலம் கம்ப்யூட்டரில் அன்றைக்குப் பார்த்த நோயாளிகளின் பக்கங்களை எல்லாம் மொத்தமாகத் திறந்து, என் ரகசிய எண்ணைத் தட்டி ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். எல்லாப் பக்கத்தின் அடியிலும் என் கையெழுத்து வந்து உட்கார்ந்துகொள்ளும். யாருடைய முட்டிக்கு ஒத்தடம் கொடுத்தேன், யாருடைய தோளை எவ்வளவு தூக்க வைத்தேன் என்பதெல்லாம் அப்படியே இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போய்விடும். கூட வேலை செய்கிற சின்னப் பெண்கள் பொத்தானை அழுத்திவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். நான் மட்டும் ஒவ்வொரு பக்கமாகத் திறந்து படித்து முணுமுணுத்துக்கொண்டிருப்பேன். "அக்கா, இப்படிப் பாத்துட்டு இருந்தா பஸ்ஸு போயிருமுங்க" என்று கிண்டல் செய்வார்கள். போனால் போகட்டும், அடுத்த பஸ் வராமலா போய்விடும்?

இந்தக் கம்ப்யூட்டர் கையெழுத்தை நான் முதன்முதலில் பார்த்தது தொண்ணூறுகளின் பின்பாதியில். காந்திபுரத்துக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் ஓர் எலும்பு டாக்டரின் ஆஸ்பத்திரி இருந்தது. முன்னால் டாக்டரின் அறை, மாடியில் படுக்கைகள், பின்கட்டில் பிசியோதெரபி. பின்கட்டுதான் என் ராஜ்ஜியம். படித்து முடித்து இரண்டொரு வருடம்தான் ஆகியிருந்தது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது. நோயாளிகளுக்குப் பிசியோதெரபி என்ற வார்த்தை நாக்கில் புரளாது என்பதால் 'கரண்ட் வெக்கற அம்மணி' என்றுதான் என்னைச் சொல்வார்கள். "அந்தக் கரண்ட் அம்மணிகிட்டப் பாத்துப் பேசோணுமப்பா, கையில வெக்கறதுக்கு முன்னாடி வாயிலயே வெச்சுப்போடும்" என்று ஒரு லாரிக்காரர் சொன்னது எனக்கே காதில் விழுந்தது. அவருக்கு அன்றைக்குக் கொஞ்சம் கூடவே பயிற்சி கொடுத்து அனுப்பினேன்.

டாக்டர் ஆனைமலைப் பக்கத்துக்காரர். தென்னந்தோப்பும் மாடுகளும் உண்டு. அறுவை அறையில் அவர் கை அவ்வளவு சுத்தமாக வேலை செய்யும். ஆனால் பேனா பிடிப்பதென்றால் மனிதருக்கு வேப்பங்காய். இன்சூரன்ஸ் கேஸ் என்றால் ஒவ்வொரு நாள் சிகிச்சைக்கும் ஒரு தாள். அதில் நோயாளி ஒரு கையெழுத்து, சிகிச்சை கொடுத்த நான் ஒன்று, கடைசியில் டாக்டர் ஒன்று. நோயாளியும் நானும் அன்றன்றைக்குப் போட்டுவிடுவோம். டாக்டருக்குத் தாள்கள் சேர்ந்துகொண்டே போகும். நான் தாள்கட்டைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னாலேயே காருக்கு ஓடுவேன். அவர் கார் பானட்டின் மேல் வைத்து நாலு போடுவார், மீதியை "நாளைக்கு அம்மணி" என்பார்.

அந்த வருடம் அவர் ஒரு கம்ப்யூட்டரும், தாளைப் படம் பிடிக்கிற ஸ்கேனரும் வாங்கினார். அதற்கென்று தனி அறை, ஏசி, ஜன்னலுக்குத் திரை. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கம்ப்யூட்டர் திரையின் நெற்றியில் சந்தனம், குங்குமம். அதைப் பார்த்துக்கொள்ளக் கம்ப்யூட்டர் படித்த ஒரு பெண்ணையும் வைத்தார். அந்தப் பெண் டாக்டரின் கையெழுத்தை ஒரு வெள்ளைத் தாளில் வாங்கி, ஸ்கேனரில் வைத்து, உள்ளே ஏற்றிவிட்டது. அதற்குப் பிறகு மாதத் தொடக்கத்திலேயே ஒவ்வொருவருக்கும் தேதி போட்ட தாள்கள் கட்டாக அச்சாகி வந்துவிடும், அடியில் டாக்டரின் கையெழுத்தோடு. "இனி என்னையத் தொரத்த வேண்டியதில்ல பாரு" என்று டாக்டர் குழந்தை மாதிரி சிரித்தார். நான் இன்னும் தொட்டே பார்க்காத நோயாளிக்கு அவர் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தார். இதென்ன கூத்து என்று நினைத்துக்கொண்டேன், ஆனால் ஓட்டம் மிச்சமானதில் எனக்கும் சந்தோஷம்தான்.

அப்போதுதான் அந்த டீச்சர் வந்தார். அன்னூருக்கு அந்தப் பக்கம் ஒரு சிற்றூரில் ஆரம்பப் பள்ளி டீச்சர். முப்பதை ஒட்டிய வயது. மழைச் சேற்றில் மொபெட் சறுக்கி விழுந்து, வலது மணிக்கட்டில் இரண்டு எலும்பும் போய்விட்டன. டாக்டர் பிளேட் வைத்து, மாவுக்கட்டுப் போட்டு, கட்டைப் பிரித்தபோது விரல்கள் ஐந்தும் விறைத்துக் கிடந்தன. பள்ளிக்கூடத்து ஆசிரியர்கள் எல்லோருக்கும் சேர்த்து விபத்து இன்சூரன்ஸ் எடுத்திருந்தார்கள். அதில்தான் வைத்தியம் நடந்தது.

கூட அவருடைய அப்பா வந்திருந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, ஒடிசலான உடம்பு. ஆயுசு முழுக்க அடுத்தவர் தோட்டத்தில் பண்ணையத்துக்குப் போனவர். நாற்காலிகள் காலியாகக் கிடந்தும் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். "உக்காருங்க" என்றேன். "இருக்கட்டுங்க அம்மணி" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "நீங்க உக்காந்தாத்தான் உங்க புள்ளைக்கு வைத்தியம் பண்ணுவேன்" என்றதும் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார். எங்கள் வீடும் தோட்டம் வைத்து ஆள் வேலை வாங்கியவர்கள் வீடுதான். ஆட்கள் எந்த இடத்தில் நிற்பார்கள் என்பதைப் பார்த்தே வளர்ந்தவள் நான். அதனால்தான் அந்தக் கோபம் அவர் மேல் வந்ததல்ல என்று எனக்குத் தெரியும்.

முதல் நாள் சிகிச்சை முடிந்து தாளை நீட்டினேன். டீச்சர் பேனாவைப் பிடிக்கப் பார்த்தார். விரல் மடங்கவில்லை, பேனா உருண்டு தரையில் விழுந்தது. வரவேற்பு மேசையில் இருந்த அம்மாள் நல்ல மனசுக்காரி, அவசரக்குடுக்கையும் கூட. மைடப்பாவைத் திறந்துகொண்டு வந்துவிட்டார். "ஏனுங்க டீச்சர், இதுக்குப் போயி ஏன் சங்கட்டப்படறீங்க? கைநாட்டு வெச்சா ஆச்சு. பொம்பளைங்களுக்கு வலது பெருவெரல்தானுங்க. கைய இக்கட்ட குடுங்க, நான் வெச்சு உடறேன்" என்று டீச்சரின் விறைத்த பெருவிரலைப் பிடித்து மைக்கு இழுத்தார்.

டீச்சர் போட்ட சத்தத்தில் மாடியில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

வலி என்று நினைத்து நான் ஓடிப்போய்க் கையை விடுவித்தேன். வலியும் இருந்தது. ஆனால் டீச்சர் முகத்தில் இருந்தது வேறு. "கைநாட்டு வெக்க மாட்டேனுங்க" என்றார். "கை சரியாகாட்டிப் போச்சாது, இருந்துட்டுப் போகட்டும். இத மட்டும் வெக்க மாட்டேன்."

அப்பாக்காரர் எழுந்து வந்தார். நிலைமையைச் சுமுகமாக்கிவிடலாம் என்று நினைத்தாரோ என்னவோ, தன் பெருவிரலை நீட்டினார். "அம்மணி, அவ கையி தேவலயாகற வரைக்கும் நான் வெச்சுப்போடட்டுங்களா? எனக்குப் பழக்கமுங்க. ரேசன் கார்டுக்கு, சொசைட்டிக்கு, இவளப் பள்ளிக்கூடத்துல சேத்தறதுக்கு, எல்லாத்துக்கும் வெச்சவன்தானுங்க. தோட்டத்துக்காரரு ஊட்டு மேசையில மைடப்பா எப்பவும் தொறந்தேதான் கெடக்கும். மூடிய நான் கண்ணுலயே பாத்ததில்லீங்க. வெச்சுப்போட்டு, தலமயித்துல தொடைச்சா மையும் போயிரும்."

சொல்லிவிட்டு நரைத்த தலையில் பெருவிரலைத் துடைத்தும் காட்டினார். சிரிக்கச் சொன்னதுதான். யாருக்கும் சிரிப்பு வரவில்லை. எங்கள் வீட்டிலும் என் அப்பாவின் மேசையில் ஒரு மைடப்பா இருந்தது. யார் யாரோ தலையில் விரலைத் துடைத்துக்கொண்டு படியிறங்கிப் போனது என் கண் முன்னால் வந்தது.

டீச்சரைப் பின்கட்டுக்கு அழைத்துப்போய் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். கொஞ்சம் ஆறியதும் அவராகவே சொன்னார். "சின்னப் புள்ளையில நான் அப்பனோட தோட்டத்துக்காரரு ஊட்டுக்குப் போவேனுங்க. அப்பன் தானா வெரல வெக்கறதுக்குள்ள அவசரப்பட்டு அந்தக் கணக்கு எழுதறவரு மணிக்கட்டப் புடிச்சு அமுத்துவாரு. இந்தம்மா என் கையப் புடிச்சாங்க பாருங்க, எனக்கு அந்த நெனப்பு வந்துபோச்சு." பிறகு, பொழுது சாய்ந்ததும் தன் ஊரில் பெண்களுக்கு எழுத்துச் சொல்லித் தருவதைச் சொன்னார். சத்துணவுக் கூடத்தில் ஒரு குண்டு பல்பு, ஒரு கரும்பலகை. களையெடுத்துவிட்டு வருகிற பெண்கள். முதல் பாடமே கையெழுத்துத்தான். "அவங்கள எல்லாம் இனி எங்கயும் கைநாட்டு வெக்க மாட்டோம்னு சொல்ல வெச்சிருக்கறனுங்க. நான் இங்க வெச்சா அது ஊருக்குப் போகாம இருக்குமா? டீச்சரே வெச்சுப்போட்டாங்களாம், நமக்கு என்னன்னு ஒவ்வொருத்தரா நின்னுபோவாங்க."

அட, இவ்வளவுதானா விஷயம், ஒரு கையெழுத்துக்கு நான் வழி செய்ய மாட்டேனா என்று எனக்கு வீறாப்பு வந்துவிட்டது. பேனாவை எடுத்து அதன் மேல் பேண்டேஜ் துணியைச் சுற்று சுற்றென்று சுற்றினேன். பிடி பருத்தால் மடங்காத விரலுக்கும் அகப்படும். கேழ்வரகுக் களி கிண்டுகிற துடுப்பு மாதிரி ஆகிவிட்ட பேனாவை அவர் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மேலே சாத்தினேன். "முழுசா வேண்டாமுங்க. வர்றது வரட்டும்." அவர் தோளில் இருந்து கையை மொத்தமாக நகர்த்தி, பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினார். ஒரே ஓர் எழுத்து வந்தது. இனிஷியல். நண்டு நடந்த மாதிரிதான் இருந்தது.

"இதுக்குப் பேரு கையெழுத்துங்களா?" என்றார் டீச்சர்.

"நீங்கதானே போட்டீங்க? அப்ப அதுதான் கையெழுத்து" என்று நானும் என் கையெழுத்தைப் பக்கத்தில் கிறுக்கினேன்.

பின்னால் நின்றிருந்த அப்பா எட்டிப் பார்த்து, "இது என்ற எழுத்துங்களா?" என்று கேட்டார். ஊருக்கெல்லாம் எழுத்துச் சொல்லித் தந்தவரால் வீட்டில் இருந்தவருக்குச் சொல்லித் தர முடியவில்லையாம். வகுப்பில் உட்கார்ந்தால் தூங்கிவிடுவாராம். மகளின் பெயருக்கு முன்னால் நிற்கிற தன் எழுத்து ஒன்றை மட்டும் தெரிந்து வைத்திருந்தார். "ஆமாங்கப்பா, உங்களுதுதான்" என்றார் டீச்சர். அப்பா தாளைத் தொடாமல் குனிந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள்தான் அந்த ஆஸ்பத்திரியில் என் நல்ல நாட்கள். மத்தியானம் கூட்டம் குறைந்த நேரத்தில் அன்னூர் பஸ்ஸில் வந்து இறங்குவார்கள். மெழுகுத் தொட்டியில் கையை முக்கி எடுத்து, சூடு ஆறுவதற்குள் விரல்களை ஒவ்வொன்றாக நீவி மடக்குவேன். கண்ணில் தண்ணீர் வந்தாலும் டீச்சர் வாயைத் திறக்க மாட்டார். பிறகு ஒரு தட்டு நிறையப் புளியங்கொட்டை. ஒன்றொன்றாகப் பொறுக்கிச் சொம்பில் போட வேண்டும். "என்ற பள்ளிக்கூடத்துப் பசங்க என்னைய இப்பப் பாக்கோணும். ஒண்ணாங்கிளாஸ்ல உக்கார வெச்சுப்போடுவாங்க" என்பார். பொறுக்க முடியாமல் உருண்டு ஓடுகிற கொட்டைகளை அப்பா கட்டிலுக்கடியில் குனிந்து எடுத்துத் தருவார். நாலு நாளில் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்காரப் பழகிவிட்டிருந்தார். முக்கு பேக்கரியிலிருந்து டீயும் தேங்காய் பன்னும் வரும். யார் வாங்குவது என்பதில் எனக்கும் அவருக்கும் தினமும் தகராறு. "அம்மணி கையில காசு வாங்கி நான் டீ குடிச்சா ஊர்ல சிரிப்பாங்க" என்பார். "ஊர்ல போயி ஏன் சொல்றீங்க?" என்பேன். பன்னை இரண்டாகப் பிய்த்துப் பெரிய பாதியை எனக்குத் தள்ளுவார். அந்தப் பன்னின் தேங்காய்ப்பூ வாசனை எங்கேயாவது வந்தால் இப்போதும் எனக்கு அந்தப் பின்கட்டு ஞாபகம் வந்துவிடுகிறது.

கடைசியில் கையெழுத்து. டீச்சர் பேண்டேஜ் பேனாவைத் துணிப்பையில் போட்டுக் கையோடு கொண்டுவருவார். இனிஷியலுக்குப் பின்னால் ஒரு புள்ளி வந்தது. பிறகு பெயரின் முதல் எழுத்து. ஒரு நாள் நன்றாக வரும், மறுநாள் மழை ஈரத்துக்குக் கை இறுகிப்போய்ப் பழையபடி நண்டு நடக்கும். துணியை நான் ஒவ்வொரு சுற்றாகக் குறைத்துக்கொண்டே வந்தேன். பெயர் முழுசாக வந்த அன்றைக்கு டீச்சர் எழுந்து நின்று கைதட்டப் போய், வலியில் ஐயோ என்று உட்கார்ந்தார். மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

பொங்கல் நோம்பி முடிந்து, அதுவரைக்குமான தாள்களை வரவேற்பு அம்மாள் கட்டாகத் தைத்து இன்சூரன்ஸ் ஆபீசுக்கு அனுப்பினார். கொஞ்ச நாளில் ஃபைல் திரும்பி வந்தது. பாலிசி எடுத்தபோது டீச்சர் போட்ட கையெழுத்துக்கும் இதற்கும் பொருந்தவில்லையாம். ஒன்று, பழைய மாதிரி கையெழுத்து வேண்டும். இல்லாவிட்டால் சாட்சிகளோடு எல்லாத் தாளிலும் கைநாட்டு வேண்டும். ஃபைல் நின்றால் வைத்தியமும் நின்றுவிடும். அப்போதுதான் திறக்க ஆரம்பித்திருந்த கை அது. அப்படியே விட்டால் மறுபடி இறுகிவிடும் என்பது எனக்குத் தெரியும்.

டாக்டர் கலங்கவே இல்லை. அவரிடம்தான் கம்ப்யூட்டர் இருக்கிறதே! பள்ளிக்கூடத்திலிருந்து டீச்சரின் பழைய கையெழுத்து ஒன்றை வாங்கிவரச் சொன்னார். கம்ப்யூட்டர் பெண் அதை ஸ்கேனரில் வைத்து ஏற்றியது. எங்கள் மூவரையும் செருப்பைக் கழற்றச் சொல்லி ஏசி அறைக்குள் கூப்பிட்டார் டாக்டர். அப்பா துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, சந்தனம் வைத்த பெட்டியைப் பார்த்துக் கும்பிட்டார்.

திரையில் டீச்சரின் பழைய கையெழுத்து பெரிதாக வந்தது. அவ்வளவு அழகான கையெழுத்தை நான் பார்த்ததில்லை. இனிஷியல் நிமிர்ந்து நிற்க, பெயர் கொடி மாதிரி ஓடி, கடைசிச் சுழி மேலே ஏறி அடங்கியது.

"எல்லாத் தாள்லயும் இதையவே அடிச்சுக் குடுத்தறலாம் டீச்சர். நீங்க பேனாவே தொட வேண்டியதில்ல. பொத்தான அமுத்துனா ஆச்சு" என்றார் டாக்டர்.

டீச்சர் திரைக்குப் பக்கத்தில் போய் நின்றார். இடது கை விரலால் அந்தச் சுழியைக் கண்ணாடியின் மேலேயே மெல்ல ஓட்டிப் பார்த்தார். ஒத்துக்கொள்ளப் போகிறார் என்றுதான் நினைத்தேன். ஒத்துக்கொண்டால் என்ன தப்பு என்றும் நினைத்தேன், வைத்தியம் நிற்காதே. கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினார். "இந்தக் கையெழுத்து இனி எனக்கு வராதுன்னு தெரியுமுங்க சார். அழகாத்தான் இருக்குது. ஆனா இத நான் போடலீங்களே. நான் பல்லக் கடிச்சுட்டுப் போட்டது அங்க கட்டுல இருக்குதுங்க."

டாக்டருக்கு எரிச்சல் வந்துவிட்டது. "கைநாட்டும் வெக்க மாட்டீங்க, கம்ப்யூட்டரும் வேண்டாமுங்கறீங்க. அப்பறம் நான் என்னதான் பண்றது?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அவங்க கைய வெச்சுத்தானே நாம வைத்தியம் பண்றோம், சார்? அந்தக் கை போட்டத வேண்டாம்னு சொன்னா எப்படி?" என்று ஆரம்பித்து, தேவையானதையும் தேவையில்லாததையும் பேசிவிட்டேன். கம்ப்யூட்டர் பெண் பயந்துபோய் ஏசியைக் குறைத்தது. டாக்டர் கேட்டுவிட்டு, "அத்தன வாய் இருக்குதல்ல? நீயே போயி இன்சூரன்ஸ் ஆபீஸ்ல பேசிட்டு வா போ" என்றார். திட்டுகிறாரா அனுமதி கொடுக்கிறாரா என்று யோசிக்காமல் கட்டைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

டவுன் பஸ்ஸில் மூன்று பேரும் போனோம். பழைய கட்டடத்தின் மாடி. கிளெய்ம் பார்க்கிற அதிகாரி ஓய்வு பெறும் வயதில் இருந்தார். வெள்ளகோவில்காரர் என்பது பேச்சில் தெரிந்தது. அப்பா வெளிநடையிலேயே நின்றார். நான் திரும்பி ஒரு பார்வை பார்த்தேன். உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

அதிகாரி மூக்குக்கண்ணாடியை நுனிக்கு இறக்கித் தாள்களைப் புரட்டினார். "ஏனுங்க, இந்த டாக்டரு கையெழுத்து எல்லாம் அச்சுல வார்த்த மாதிரி இருக்குதே" என்றார். இரண்டு தாளை ஒன்றின் மேல் ஒன்று வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். கோட்டின் மேல் கோடு உட்கார்ந்தது. "மனுசன் போட்டா இப்படி உக்காருமா?" இன்னும் புரட்டி ஒரு தாளில் நின்றார். "மாட்டுப் பொங்கலன்னிக்கு டீச்சரு வரல, நீங்களும் போடல. டாக்டரு மட்டும் வந்து போட்டிருக்காரு?"

அய்யய்யோ! மாதத் தொடக்கத்தில் கட்டாக அடித்து வைத்த தாளில் நோம்பி நாளும் இருந்திருக்கிறது. வரவேற்பு அம்மாள் பார்க்காமல் சேர்த்துத் தைத்துவிட்டார். அன்றைக்கு டாக்டர் ஆனைமலைத் தோட்டத்தில் மாடுகளுக்குப் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "எங்க டாக்டருக்கு நோம்பியன்னிக்குக்கூட ஓய்வில்லீங்க" என்றேன். அவர் முகத்தில் ஒரு சுருக்கமும் அசையவில்லை. போச்சு, வாயால் கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

டீச்சரின் கையெழுத்துக்கு வந்தார். "இது ஆரு போட்டது?"

"நான்தானுங்க."

"இது?"

"அதும் நான்தானுங்க."

"ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்லையே?"

"கை ஒரு நா மாதிரி ஒரு நா இல்லீங்களே, சார்" என்றார் டீச்சர்.

அதிகாரி தையலைப் பிரித்து, தாள்களைத் தேதிப்படி மேசையில் பரப்பினார். மின்விசிறிக்குப் பறக்காமல் இருக்க டம்ளர், ஸ்டேப்ளர், பூட்டு என்று கையில் கிடைத்ததை எல்லாம் மேலே வைத்தார். முதல் தாளில் நண்டு நடந்த ஓர் எழுத்து. பிறகு புள்ளி. பெயரின் பாதி. மழை நாளின் கிறுக்கல். முழுப்பெயர், ஏறி இறங்கி. நேராக ஒன்று. ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே மேசையைச் சுற்றி வந்தார். நான் எழுதிய சிகிச்சைக் குறிப்பை எல்லாம் அவர் படிக்கவே இல்லை. படிக்கவும் வேண்டியிருக்கவில்லை. கை எப்படித் தேறி வந்தது என்பது அடிவரியிலேயே இருந்தது.

உட்கார்ந்தார். "இங்க ஒண்ணு போடுங்க, பாக்கலாம்" என்று ஒரு வெள்ளைத் தாளை டீச்சர் பக்கம் நகர்த்தினார். டீச்சர் வலது கையை மேசை மேல் எடுத்து வைத்தார். இன்னும் கொஞ்சம் மடங்கியே இருந்த அந்த விரல்களைப் பார்த்ததும், அதிகாரியின் இன்னொரு கை பழக்கத்தில் தானாகவே மைடப்பாவை இழுத்து, மூடியைத் திறந்து, தாளுக்குப் பக்கத்தில் வைத்தது. அவர் வேண்டுமென்று செய்யவில்லை. எத்தனை வருடப் பழக்கமோ.

டீச்சர் மைடப்பாவைப் பார்த்தார். பிறகு துணிப்பைக்குள் கைவிட்டுத் தன் பேனாவை எடுத்தார். அதில் இப்போது துணி ஒரே ஒரு சுற்றுத்தான் இருந்தது. குனிந்து, மெதுவாக, யாருக்காகவும் அவசரப்படாமல் எழுதினார். இனிஷியல். புள்ளி. பெயர். கடைசியில், இத்தனை நாள் முயன்றும் வராத அந்தச் சுழியை எழுதப் பார்த்தார். அது பாதி ஏறி நின்றுவிட்டது. அப்படியே விட்டுவிட்டுப் பேனாவை வைத்தார்.

அதிகாரி அதைப் பாலிசியில் இருந்த அழகான கையெழுத்தோடு வைத்துப் பார்க்கவில்லை. கடைசித் தாளோடு வைத்துப் பார்த்தார். "ஒரே கைதான்" என்று ஃபைலில் எழுதிக் கீழே தன் கையெழுத்தைப் போட்டார். "உங்க டாக்டர வந்து பேனாவுல போட்டுட்டுப் போகச் சொல்லுங்க அம்மணி. டீச்சரோடது இப்படியே இருக்கட்டும்."

வாயாடி என்று பெயர் எடுத்த நான் தாள்களை அடுக்குகிற சாக்கில் குனிந்துகொண்டேன். அப்போதுதான் பெஞ்சிலிருந்து அப்பா எழுந்து வந்தார். மகள் எழுதிய தாளில் தன் எழுத்து இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு அதிகாரியிடம், வழக்கமான பணிவோடுதான் சொன்னார்.

"மூடி வெச்சுப்போடறனுங்க சார். தொறந்தே கெடந்தா காஞ்சு போயிருமுங்க."

மூடியை எடுத்து மைடப்பாவின் மேல் பொருத்தி, பெருவிரலால் அழுத்தி மூடினார்.